வார்டு உறுப்பினரின் பொறுப்பு

தமிழ்நாட்டில் மக்கள் நேரடியாக வாக்களித்து நிரப்பும் பதவிகளில் எண்ணிக்கையால் மிகப் பெரியது கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவி. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களிலும், 2021 அக்டோபரில் எஞ்சிய 9 மாவட்டங்களிலும் நடந்த ஊரகத் தேர்தல்களில் 12,525 ஊராட்சித் தலைவர் இடங்களுக்கும் 99,327 வார்டு உறுப்பினர் இடங்களுக்கும் தேர்தல் அறிவிக்கப்பட்டது. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு எட்டு உறுப்பினர்கள். 2022 பிப்ரவரி 19 அன்று மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு நடந்த தேர்தலில் இருந்தவை 12,838 வார்டுகள். இரண்டையும் கூட்டினால் 1,12,165 பேர். சட்டமன்ற உறுப்பினர்கள் 234 பேரைப் பற்றி நாள்தோறும் எழுதப்படுகிறது. இந்த லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் பதவியேற்ற மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்படுகிறது.

கிராமத்து வாக்காளர் ஒரே நாளில் நான்கு சீட்டுகளில் முத்திரை குத்துகிறார். மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள், ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. மஞ்சளும் பச்சையும் கட்சிச் சின்னங்களைத் தாங்கியவை. மற்ற இரண்டிலும் கட்சி கிடையாது. வெள்ளைச் சீட்டில் வென்றவர் சில நூறு வாக்காளர்களின் பிரதிநிதி. அவர்களில் பெரும்பாலோரை அவருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். ஒற்றை வாக்கில் முடிவான வார்டுகள் உண்டு, சமநிலை வந்து குலுக்கலில் முடிந்தவையும் உண்டு. இவ்வளவு நெருக்கத்தில் வேறெந்தப் பிரதிநிதியும் மக்களோடு வாழ்வதில்லை. அவருடைய பொறுப்பின் சிறப்பும் சிக்கலும் இந்த நெருக்கத்திலிருந்தே வருகின்றன.

குடவோலையும் கணக்கும்

ஊர் மன்றத்து உறுப்பினருக்கு என்ன தகுதி, என்ன கடமை என்று தமிழகத்தில் எழுதிவைக்கப்பட்ட ஆவணங்களில் புகழ்பெற்றது காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சபை முழுவதும் கூடியிருக்க ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம், ஆண்டுப் பொதுக் காரியங்களுக்கு ஒரு வாரியம் என்று வேலைகள் பிரிந்திருந்தன. பதவிக்காலம் 360 நாள்.

இந்த முறையைப் போற்றுவோர் தேர்தலைப் பற்றியே பேசுகிறார்கள். அதைவிடக் கூர்மையானது தகுதியிழப்பு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தார். அவருடைய நெருங்கிய உறவினர்களும் இழந்தார்கள். ஊர்ப் பணத்தைத் தொட்டவர் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்தக் குடும்பமே விலகி நிற்க வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டினார்கள். அதே கல்வெட்டு, வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவற்றையும் தகுதியாகக் கேட்டது. அது பிராமணர் சபை. பெண்ணுக்கும் உழுகுடிக்கும் அதில் இடம் இல்லை. எனவே உத்திரமேரூரிலிருந்து இன்றைய உறுப்பினர் எடுத்துக்கொள்ள வேண்டியது கணக்கு விதியை மட்டுமே. யார் உட்காரலாம் என்பதில் அந்தச் சபை வழிகாட்ட முடியாது.

ஆங்கிலேயர் காலத்தில் 1688இல் சென்னை மாநகராட்சி தோன்றியது. 1882 மே 18ஆம் நாள் வந்த ரிப்பன் பிரபுவின் தீர்மானம் உள்ளாட்சிக்குத் தேர்தல் வழியை அகலமாக்கியது. ஈரோட்டில் பெரியாரும் சேலத்தில் ராஜாஜியும் நகராட்சித் தலைவர்களாகவே பொது வாழ்வில் முதல் நிர்வாக அனுபவம் பெற்றார்கள். அந்தக் காலத்திலிருந்து இன்றைய உறுப்பினர் விரிவாக அறிய வேண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. 1920 செப்டம்பர் 16 அன்று, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை ஏற்றது. ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு மதிய உணவு. செலவு ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படக் கூடாது. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. ஆங்கில அரசு அந்தச் செலவை ஏற்க மறுத்ததால் சில ஆண்டுகளில் நின்றும்போனது. ஆயினும் பள்ளியில் சோறு போடலாம், போட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்பதை முதலில் செய்து காட்டியது ஒரு நகர மன்றமே. காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் வந்த சத்துணவு, 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு ஆகிய மூன்றுக்கும் முன்னோடி அது. ஒரு பள்ளி, ஓரணா உச்சவரம்பு, ஒரு தீர்மானம். உள்ளாட்சி உறுப்பினரின் கையில் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு இந்த மூன்றையும் காட்டலாம்.

சட்டம் சொல்லும் வேலை

அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்றும், 74ஆவது திருத்தம் அதே ஆண்டு ஜூன் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. ஊரகத்துக்கு 29 பொருள்களும் நகர்ப்புறத்துக்கு 18 பொருள்களும் அட்டவணையில் வைக்கப்பட்டன. அவற்றை எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பது மாநிலத்தின் கையில் விடப்பட்டது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. அதன்படி முதல் தேர்தல் 1996இல் நடந்தது.

அந்தச் சட்டத்தின் 110ஆவது பிரிவு ஊராட்சி செய்தே தீர வேண்டியவற்றைச் சொல்கிறது: ஊர்ச் சாலைகள், சிறு பாலங்கள், தெருவிளக்கு, வடிகால், தெருத் துப்புரவு, பொதுக் கழிப்பிடம், இடுகாடு, சுடுகாடு, குடிநீர். 111ஆவது பிரிவு செய்யலாம் என்று இடம் தருபவை மரம் வளர்ப்பு, சந்தை, விளையாட்டுத் திடல், படிப்பகம் போன்றவை. முதல் பட்டியலில் எதுவும் பெரிய கனவு கிடையாது. ஆயினும் மனிதர் காலையில் கண் விழித்தது முதல் இறந்து அடக்கமாவது வரை தேவைப்படுபவை எல்லாம் அதில் இருக்கின்றன. சுடுகாட்டுக்குப் பாதை இல்லாத குடியிருப்புகள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. பிணத்தை வயல் வரப்பில் சேற்றில் தூக்கிச் செல்லும் ஊரில் உறுப்பினராக இருப்பவருக்கு ஐந்தாண்டு வேலைத்திட்டம் தனியாக எழுத வேண்டியதில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது புதிய உறுப்பினர் முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டியது. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம் ஆகியவை ஊராட்சியின் சொந்த வருவாய். மாநில அரசின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி உள்ளாட்சிகள் பகிர்ந்துகொள்கின்றன. மத்திய நிதி ஆணைய மானியம் தனி. 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை தந்ததில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிடத்தக்கது. எஞ்சிய 40 விழுக்காட்டில்தான் ஊர் தன் விருப்பப்படி முடிவு செய்யலாம். பெரும்பாலான ஊராட்சிகளில் பணத்தை விழுங்குவது கரன்ட் பில். போர்வெல் மோட்டாரும் தெருவிளக்கும் ஓடும் மின்சாரத்துக்குக் கட்டிய பிறகு மிஞ்சுவது சொற்பம்.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி இந்தப் பில்லிலிருந்தே சிந்திக்கத் தொடங்கியது. 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த சண்முகத்தின் முயற்சியில், ஏறத்தாழ ரூ. 1.55 கோடி செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வங்கிக் கடனோடு வாங்கியது. அதில் கிடைக்கும் மின்சாரம் ஊராட்சித் தேவைக்குப் போக மிச்சம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. ஒரு கிராம ஊராட்சி கோடிக்கணக்கில் கடன் வாங்கத் துணிவதற்குத் தலைவரின் கனவு மட்டும் போதாது. மன்றத்தின் தீர்மானம் வேண்டும். ஓடந்துறையைப் பற்றிப் பேசுவோர் தலைவரைப் பாராட்டுகிறார்கள், அது நியாயம். வரவு செலவைக் கேட்டுப் புரிந்துகொண்டு கையெழுத்திடும் உறுப்பினர்கள் இல்லாத மன்றத்தில் அத்தகைய முடிவு நிலைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உதவியும் கடமையும்

வென்ற மறுநாளே உறுப்பினர் வீட்டுத் திண்ணைக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு, ஆஸ்பத்திரியில் படுக்கை. இவற்றில் எதுவும் ஊராட்சியின் அதிகாரத்துக்குள் இல்லை. பெரும்பாலானவை வருவாய்த் துறைக்கு உரியவை. ஆனாலும் உறுப்பினர் மனு எழுதித் தருகிறார், இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போகிறார், தாலுகா ஆபீசில் காத்திருக்கிறார். படிப்பறிவில்லாத ஒரு விதவைக்கு உதவித்தொகை வாங்கித் தந்தவரை யாரும் குறைத்துப் பேச முடியாது. இந்த வேலை தேவையானது, நல்லது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்த உதவிகளே உறுப்பினரின் முழு வேலை என்று ஊரும் நினைக்கிறது, அவரும் நினைக்கத் தொடங்குகிறார். மனு எழுதித் தர இளைஞர் மன்றத்தாலும் முடியும், ஓய்வுபெற்ற ஆசிரியராலும் முடியும். மன்றக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கவும், தீர்மானத்துக்குக் கை தூக்கவும், கை தூக்க மறுக்கவும் அந்த வார்டில் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. வாக்கு கொடுத்து அவரிடம் ஒப்படைத்தது அந்த உரிமையை. உதவி செய்வதில் சிறந்து, கூட்டத்தில் வாய் திறக்காமல் ஐந்தாண்டைக் கழித்தவர் நல்ல அண்டை வீட்டார். உறுப்பினர் பதவி அவர் காலத்தில் காலியாகவே கிடந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

உதவிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உதவி பெற்றவர் கடமைப்பட்டவராகிறார். கேட்காதவருக்கும் எதிரணிக்கு வாக்களித்தவருக்கும் எதுவும் வந்து சேர்வதில்லை. மன்றத்தில் போடும் தீர்மானத்துக்கு அந்தக் குறை கிடையாது. தெருவில் விளக்கு எரிந்தால் தோற்ற வேட்பாளர் வீட்டு வாசலிலும் வெளிச்சம் விழும்.

தீர்மானப் புத்தகம்

ஊராட்சியின் உயிர் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. கூட்ட அறிவிப்பு வரும்போதே அதனுடன் பொருள் நிரல் வரவேண்டும். பொருள் 1, சென்ற மாத வரவு செலவு. பொருள் 2, பணிகள். பொருள் 3, வரப்பெற்ற கடிதங்கள். ஒவ்வொரு பொருளும் மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டு விவாதிக்கப்பட்ட பின் தீர்மானமாக எழுதப்படுகிறது. இறுதியில் வந்தவர்கள் கையெழுத்திடுகிறார்கள்.

பல ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது. கூட்டமே கூடுவதில்லை. புத்தகம் வீடு வீடாகப் போகிறது. உறுப்பினர் வயலில் இருந்தால் வரப்பிலேயே கையெழுத்து. மேலே பக்கம் வெறுமையாக இருக்கும். கையெழுத்துகள் கீழே வரிசையாக நிற்கும். தீர்மானம் பிறகு எழுதப்படும். கையெழுத்திட்டவருக்கு எதற்கு ஒப்புதல் தந்தோம் என்பது தெரியாது. தணிக்கையில் கேள்வி வரும்போது அந்தக் கையெழுத்து மட்டும் பேசும். புதிய உறுப்பினர் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் உறுதி இது: எழுதி முடித்த, படித்துப் பார்த்த தீர்மானத்தின் கீழ் மட்டுமே கையெழுத்து, அதுவும் கூட்டம் நடந்த இடத்தில், நடந்த நாளில். உடன்படாத தீர்மானத்தில் தம் மறுப்பைப் பதியச் சொல்வது பகைமை ஆகாது. அது ஆவணம்.

ஒரு சிமென்ட் சாலையை எடுத்துக்கொண்டால் உறுப்பினரின் பார்வை எங்கெங்கே விழ வேண்டும் என்பது விளங்கும். பணிக்கு மதிப்பீடு, அதாவது எஸ்டிமேட், இருக்கும். நீளம், அகலம், கனம், கீழே ஜல்லிப் படுகை எவ்வளவு, கலவை எந்தத் தரம் என்று அதில் எழுதியிருக்கும். பணி நடக்கும் நாளில் பலகை அடித்திருக்கும் உயரத்தை ஒரு சாதாரண டேப்பால் அளந்தால் கனம் தெரிந்துவிடும். கான்கிரீட் கொட்டிய பிறகு அதைக் கண்டுபிடிக்க உடைக்க வேண்டும். கொட்டிய சாலைக்குச் சணல் சாக்குப் போட்டுத் தண்ணீர் விட்டார்களா, அல்லது பாத்தி கட்டி நீர் நிறுத்தினார்களா என்பதைத் தெருவிலுள்ள எந்தப் பெண்ணும் சொல்வார். பொறியாளர் எழுதும் அளவுப் புத்தகத்தில் இருக்கும் நீளமும் தரையில் இருக்கும் நீளமும் ஒன்றா என்று பார்க்க நடந்து போனால் போதும். பட்டப்படிப்பு எதுவும் இதற்குத் தேவையில்லை. பணி நடக்கும் நாளில் அங்கே நிற்பதே பெரும்பாலான தவறுகளைத் தடுத்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் சட்டத்தில் உண்டு. ஊராட்சி செய்யும் பணியில் உறுப்பினருக்கே ஒப்பந்தப் பங்கு இருந்தால் பதவி போகும். மைத்துனர் பெயரில் கான்ட்ராக்ட் எடுப்பது சட்டத்தின் கண்ணுக்குத் தப்பலாம். ஊரின் கண்ணுக்குத் தப்புவதில்லை. அந்தச் சாலையில் விரிசல் விழும்போது கேட்க வேண்டியவரே கேட்க முடியாதவராகிறார். கூட்டங்களுக்குத் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் இருந்தாலும் பதவி இழப்பு உண்டு. புத்தகம் வீடு தேடி வரும் ஊர்களில் இந்த விதி யாரையும் தொடுவதில்லை.

ஒரு தொட்டி

வார்டில் உறுப்பினர் நாள்தோறும் கண் வைக்க வேண்டிய ஒன்றைச் சொல்லச் சொன்னால் அது மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுப்படி கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 30,000 லிட்டர் தொட்டி ஒருமுறை நிறைந்தால் சுமார் 545 பேருக்கு அன்றைய பங்கு சரி. குடியிருப்பில் ஆயிரம் பேர் இருந்தால் இரண்டு முறை நிரப்ப வேண்டும். மின்தடை, மோட்டார் பழுது, வறண்ட போர்வெல் எது வந்தாலும் இந்தக் கணக்கு உடைகிறது. உடையும்போது தண்ணீர் இல்லாமல் போவது முதலில் கடைசி வீட்டுக்கு. அந்தக் கடைசி வீடு பெரும்பாலும் காலனியில் இருக்கிறது.

எனவே தண்ணீர் வருகிறதா என்பதை உறுப்பினர் தம் வீட்டுக் குழாயில் பார்த்துப் பயனில்லை. பைப்லைன் முடியும் இடத்தில், திறந்து அரைமணி கழித்துப் பார்க்க வேண்டும். இடையில் யாராவது குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் அங்கே சொட்டுத்தான் விழும். அந்த மோட்டாரை எடுக்கச் சொல்வது கசப்பான வேலை. பெரும்பாலும் அதை வைத்திருப்பவர் உறவினராகவோ செல்வாக்குள்ளவராகவோ இருப்பார். தனி ஆளாகச் சொன்னால் சண்டை. மன்றத் தீர்மானமாகப் போட்டு, எல்லா வார்டிலும் ஒரே நாளில் எடுத்தால் அது ஊர் முடிவு.

தொட்டியைக் குறிப்பிட்ட இடைவெளியில் கழுவி, கழுவிய நாளைத் தொட்டியிலேயே எழுதி வைக்க வேண்டும். குளோரின் கலப்பது டேங்க் ஆபரேட்டரின் வேலை. அது கடைசிக் குழாய் வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கக் குளோரோஸ்கோப் என்ற சிறு கருவி உண்டு. குழாய் நீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டால் நிறம் மஞ்சளாக மாறும். மாறாவிட்டால் குளோரின் இல்லை. ஐந்து நிமிட வேலை. தொட்டியின் மூடிக்குப் பூட்டு இருக்கிறதா என்பதும் இதில் சேரும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகு எந்த உறுப்பினரும் தொட்டியைப் பொறியியல் சங்கதியாக மட்டும் பார்க்க முடியாது.

நாற்காலியும் காசோலையும்

தமிழ்நாட்டு உள்ளாட்சியின் வரலாற்றில் ரத்தம் இருக்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபின் தலைவரான முருகேசனும் அவருடன் ஆறு பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் ஒதுக்கீட்டை ஏற்க மறுத்ததால் 1996 முதல் 2006 வரை நிலையான மன்றமே அமையவில்லை. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. 2020இல் கடலூர் மாவட்டத் தெற்குத் திட்டை ஊராட்சியில் பட்டியல் சாதிப் பெண் தலைவர், கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியாகி நாடே பார்த்தது.

இந்தச் செய்திகளில் எல்லாம் வாசகர் கண் தலைவர் மேல் இருக்கிறது. வார்டு உறுப்பினர்கள் எங்கே இருந்தார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டும். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். ஒதுக்கீட்டில் வந்த தலைவரை முடக்க விரும்பும் ஆதிக்கச் சாதியினர் தங்களுக்கு வேண்டியவரைத் துணைத் தலைவராக்கி, அவர் கையெழுத்தை நிறுத்தி வைத்துவிட்டால் போதும். தூய்மைக் காவலருக்குச் சம்பளம் போகாது, மோட்டார் பழுது பார்க்கப் பணம் இருக்காது, மூன்றே மாதத்தில் ‘இந்தத் தலைவர் எதுவும் செய்யவில்லை’ என்று ஊர் பேசும். உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வராமல் இருந்து குறைவெண் இல்லாமல் செய்வதும் அதே வேலை. ஆகவே பதவியேற்றபின் உறுப்பினர் போடும் முதல் வாக்கான துணைத் தலைவர் தேர்தலிலேயே அவருடைய நேர்மை அளக்கப்பட்டுவிடுகிறது. மன்ற அறையில் எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலி இருக்கிறதா, சுதந்திர தினத்தில் கொடியேற்றுவது தலைவர்தானா என்பவை உறுப்பினர் கேட்க வேண்டியவை. அவமதிக்கப்பட்டவர் தாமே கேட்டுக்கொள்ளட்டும் என்று விடத் தக்கவை இல்லை.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த இடஒதுக்கீடு 2016இல் சரிபாதியானது. பாதி உறுப்பினர்கள் பெண்கள். கூட்டத்தில் அவர்களுடைய கணவரோ மகனோ உட்காருவது இன்னும் நடக்கிறது. சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. பெண் உறுப்பினரைப் பேசவிடும் ஊர்களில் குடிநீரும் கழிப்பிடமும் பொருள் நிரலில் மேலே வருவதை அலுவலர்களே சொல்வார்கள். 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்கள் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமிக்க வழி செய்தன. மாடியில் கூட்ட அறை வைத்திருக்கும் மன்றங்கள் இனி அதைக் கீழே கொண்டுவரத் தீர்மானம் போட வேண்டியிருக்கும்.

சாதியைத் தாண்டிய மன்றம் என்ன செய்யும் என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கம் சாட்சி. இளங்கோ தலைவராக இருந்த காலத்தில் அங்கே கட்டப்பட்ட இரட்டை வீடுகளில் ஒரு பாதியில் தலித் குடும்பம், மறுபாதியில் பிற சாதிக் குடும்பம். நடுவில் பொதுச் சுவர். ஐம்பது இரட்டை வீடுகள், நூறு குடும்பங்கள்.

கிராம சபை, பகுதி சபை

மன்றம் ஊருக்குப் பதில் சொல்லும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் அது கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் அதன் உறுப்பினர்கள். ஊரின் மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தது 50 பேர் முதல் 300 பேர் வரை வந்தால்தான் கூட்டம் செல்லும். வரவு செலவு படிக்கப்பட வேண்டும், கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் ஒப்புதல் பெற வேண்டும், பயனாளிகள் பட்டியல் வாசிக்கப்பட வேண்டும்.

நடைமுறையில் மேடை, ஃபிளெக்ஸ், அதிகாரிகளின் உரை என்று நேரம் போய், கணக்கு கடைசியில் இரண்டு நிமிடத்தில் ஓடிவிடுகிறது. இதைத் திருத்துவது உறுப்பினர் கையில் இருக்கிறது. கூட்டத்துக்கு முந்தின வாரத்தில் தம் வார்டில் தெருத் தெருவாகப் போய் என்ன கேட்க வேண்டும் என்று எழுதி வாங்கலாம். நூறு வீடு இருக்கும் வார்டில் அது இரண்டு மாலை வேலை. வேலைக்குப் போகும் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வைக்கச் சொல்லலாம். சென்ற சபையில் போட்ட தீர்மானங்கள் என்னவாயின என்பதை இந்தச் சபையின் முதல் பொருளாக்கச் சொல்லலாம். இந்த ஒன்றைச் செய்தாலே அடுத்த கூட்டத்துக்குக் கூட்டம் சேரும். பேசினால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்த இடத்துக்குத்தான் மக்கள் வருவார்கள்.

நகர்ப்புறத்தில் இந்த அமைப்பு மிகத் தாமதமாக வந்தது. வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022 ஜூனில் வெளியாயின. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் கூடின. வார்டு குழுவுக்குக் கவுன்சிலரே தலைவர். குழுவில் தம் கட்சிக்காரர்களை மட்டும் நிரப்பிவிட்டால் அது இன்னொரு கட்சிக் கிளை ஆகிவிடும். குடியிருப்போர் நலச் சங்கத்தாரோடு குடிசைப் பகுதியிலிருந்தும் தூய்மைப் பணியாளர் குடும்பங்களிலிருந்தும் ஆள் எடுக்கும் கவுன்சிலருக்கே வார்டின் முழு வரைபடமும் கிடைக்கும். நகர்ப்புற உறுப்பினர்களுக்கு 2023 முதல் மதிப்பூதியமும் உண்டு: மாநகராட்சியில் மாதம் ரூ. 10,000, நகராட்சியில் ரூ. 5,000, பேரூராட்சியில் ரூ. 2,500. கிராம வார்டு உறுப்பினருக்கு அமர்வுப் படி மட்டுமே. நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வரும் கூலித் தொழிலாளியான உறுப்பினருக்கு இது பெரிய அநீதி. கடமையைப் பற்றி உரக்கப் பேசுகிற அரசு இதைச் சரிசெய்யக் கடன்பட்டிருக்கிறது. பயிற்சியிலும் இதே பாகுபாடு இருக்கிறது. மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் உள்ளது. ஆனால் தலைவருக்குக் கிடைக்கும் கவனம் உறுப்பினருக்குக் கிடைப்பதில்லை.

பதவிக்காலத்தின் கடைசி ஆண்டு

ஊராட்சியின் ஆயுள் முதல் கூட்டம் நடந்த நாளிலிருந்து ஐந்தாண்டு. அதற்குள் அடுத்த தேர்தல் முடிய வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டம். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் முடிந்த மன்றங்களுக்குப் பதிலாக ஊரகத்தில் 27 மாவட்டங்களில் 2020 ஜனவரி வரையும், எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரையும், நகர்ப்புறத்தில் 2022 மார்ச் வரையும் தனி அலுவலர்களே இருந்தார்கள். மன்றம் இல்லாததால் மத்திய நிதி ஆணைய மானியமும் நின்றது. 2019இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5 உடன் மன்றங்களின் காலம் முடிந்து மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலராக ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் தம் ஒன்றியத்தின் ஊராட்சிகள் எல்லாவற்றையும் பார்க்கிறார். எந்தத் தெருவில் குழாய் உடைந்தது என்று அவருக்கு நேரில் தெரிய வாய்ப்பில்லை. பதிவேட்டில் இருந்தால் தெரியும்.

அதனால் கடைசி ஆண்டில் உறுப்பினருக்குத் தனி வேலை உண்டு. ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் தம் வார்டிலுள்ள ஒவ்வொரு கைப்பம்பும், கட்டடமும், புறம்போக்கும், குளமும் அளவோடு ஏறியிருக்க வேண்டும். குளத்தில் ஆக்கிரமிப்பு இருந்தால் அது எப்போது, எவ்வளவு என்று தீர்மானத்தில் பதிவாக வேண்டும். வீட்டு வரியின் கேட்பு, வசூல், நிலுவை மூன்றும் தெருவாரியாகச் சரிபார்க்கப்பட வேண்டும். தொடங்கி முடியாத பணிகள், பணம் தரப்பட்டும் நடக்காத பணிகள், தரையடியில் பைப்லைன் போகும் பாதை, கேட் வால்வு புதைந்திருக்கும் இடம் ஆகியவை டேங்க் ஆபரேட்டரின் நினைவில் மட்டும் இருக்கக் கூடாது. படமாக வரைந்து ஊராட்சி அலுவலகத்தில் மாட்ட வேண்டும். கடைசிக் கூட்டத்தில் இவை எல்லாம் தீர்மானத்துடன் ஊராட்சிச் செயலரிடம் ஒப்படைக்கப்பட்டு, ஒப்புகை பெறப்பட வேண்டும். அடுத்து வருபவர் தனி அலுவலராயினும், எதிரணியிலிருந்து வென்ற புதிய உறுப்பினராயினும், அந்தப் பதிவேடுகளைப் பிரித்த நாளிலேயே வேலையைத் தொடங்க முடியும்.